வட்டம் சரியாக ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து பிடியுங்கள்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தொழில் இல்லை. மீன்பிடித் தடைக்காலம். எங்கள் தெருவில் அந்த இரண்டு மாதமும் "இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறவருக்கும், ஐஸுக்கும் டீசலுக்கும் முன்கூட்டியே பணம் புரட்டுகிறவருக்கும் அந்த எண் வேண்டும். அதனால் ஒரே ஒரு வலைப்பக்கம் செய்தேன். நடுவில் ஒரு வட்டம், 61 நாளில் எவ்வளவு போயிருக்கிறதோ அந்த அளவுக்கு நீல வளையம் சுற்றிவந்து நிற்கும், உள்ளே நாள் எண். வாட்ஸப்பில் லிங்க் போனது, ஒரு வாரத்துக்குள் விதவிதமான ஃபோன்களிலிருந்து விதவிதமான புகார் வந்தது. ஒன்றில் வளையமே இல்லை, ஒன்றில் அசையவில்லை, ஒன்றில் எண் தப்பு.

ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்ததைத்தான் இங்கே அறிகுறிப்படி எழுதுகிறேன். குறிச்சொற்களையும் பண்புகளையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் அவை வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தாக வேண்டும், இல்லையென்றால் கீழே வரும் எதுவும் பிடிபடாது. எஸ்விஜியில், அதாவது வலைப்பக்கத்தில் கோடும் வடிவமும் வரையும் மொழியில், "சர்க்கிள்" என்று ஒரு வட்டம் வரைகிறோம், அதன் ஓரக்கோடுதான் வளையம். அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் போடும் கோடாக மாற்றுவது ஸ்ட்ரோக்-டேஷ்அரே. அதில் ஒரே எண்ணாக வட்டத்தின் சுற்றளவைக் கொடுத்தால், சுற்றளவு நீளத்துக்கு நிறம், அடுத்து அதே நீளத்துக்கு வெற்று என்று ஒரு மாதிரி உருவாகும். பாதி சாயம் தோய்த்து மறுபாதியை அப்படியே விட்ட கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் அந்தக் கயிற்றை இழுக்கிறது. முழுச் சுற்றளவுக்கு இழுத்துவிட்டால் வட்டத்தின் மேல் வெற்றுப் பாதி மட்டும் கிடக்கும், வளையம் காலி. பூஜ்யத்தில் விட்டால் முழு வளையம்.

ஆரம் 45 என்றால் சுற்றளவு 2 × 3.1416 × 45, அதாவது 282.74. இருபதாவது நாளுக்கு 61இல் 41 பங்கு மீதி, ஆகவே ஆஃப்செட் 282.74 × 41 ÷ 61, வருவது 190.04. இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டெவ்டூல்ஸில் (பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் பிரவுசர் கருவி) அந்த இடத்தில் என்ன எண் நிற்கிறது என்று பார்த்தாலே பாதிப் பிழை முகம் காட்டிவிடும். எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணுக்குச் சரியாக வரும் வரை தட்டிப் பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஒரு திரையில் சரியாகி இன்னொன்றில் உடையும்.

வளையமே தெரியவில்லை, அல்லது கறுப்பாக ஒரு தட்டு தெரிகிறது

கறுப்புத் தட்டு என்றால் ஃபில் கொடுக்கவில்லை. எஸ்விஜி வடிவங்களுக்கு ஃபில் இயல்பாகவே கறுப்பு, ஸ்ட்ரோக் இயல்பாகவே ஒன்றுமில்லை. ஃபில்லை "நன்" என்று போட்டு, ஸ்ட்ரோக்குக்கு நிறமும் அகலமும் கொடுங்கள், முடிந்தது.

எதுவுமே தெரியவில்லை, ஆனால் இன்ஸ்பெக்ட் செய்தால் சர்க்கிள் உள்ளே இருக்கிறது என்றால் கேள்வியே வேறு: அந்த வட்டத்தை ஜாவாஸ்கிரிப்டில் உருவாக்கினீர்களா? வெறும் கிரியேட்எலிமென்ட் போட்டால் பிரவுசர் அதை எஸ்விஜி வட்டமாக எடுக்காது, "சர்க்கிள்" என்று பெயருள்ள ஏதோ ஒரு தெரியாத எச்டிஎம்எல் குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட வராது. கிரியேட்எலிமென்ட்என்எஸ் பயன்படுத்தி எஸ்விஜியின் பெயர்வெளி முகவரியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதில் நான் ஒரு முழு சாயங்காலத்தை விட்டேன்.

ஓரம் வெட்டுப்பட்டுத் தட்டையாக இருக்கிறது

வியூபாக்ஸ் (எஸ்விஜியின் வரைபெட்டி) 100க்கு 100, ஆரம் 50, கோட்டு அகலம் 10 என்று வைத்திருப்பீர்கள். கோட்டின் அகலத்தில் பாதி ஆரத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் விழும், வெளியே விழுந்த 5 அலகும் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. ஆரத்தை 45 ஆக்குங்கள். ஆரத்தை மாற்றினால் சுற்றளவும் மாறும் என்பது நினைவிருக்கட்டும், அடுத்த கோளாறின் ஊற்றே அதுதான்.

நாள் முடிவதற்கு முன்பே வளையம் நிறைந்துவிட்டது, அல்லது கடைசி வரை நிறையவே இல்லை

இதுதான் மிகவும் மோசமான பிழை, ஏனென்றால் பார்க்க அழகாகவே இருக்கும். எங்கேயோ எடுத்த மாதிரி நிரலில் 283 என்றோ 440 என்றோ ஒரு எண் இருக்கும், அது அவர்களுடைய ஆரத்தின் சுற்றளவு (283 என்பது ஆரம் 45க்கு, 440 என்பது ஆரம் 70க்கு). நீங்கள் ஆரத்தை மட்டும் உங்கள் வசதிக்கு மாற்றிவிட்டு அந்த எண்ணைத் தொடாமல் விட்டிருப்பீர்கள்.

என்ன ஆகும் என்று பாருங்கள். ஆரத்தை 40க்குக் குறைத்தால் உண்மையான சுற்றளவு 251.33. டேஷ்அரே 283லேயே நின்றால், 89 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வளையம் முழுதாக மூடிக்கொள்ளும். என் பக்கத்தில் அப்படித்தான் ஆனது: 55ஆவது நாளே வட்டம் நிறைந்து நின்றது, ஆனால் தடை முடிய இன்னும் ஆறு நாள் பாக்கி. நடுவில் இருக்கும் எண் சரியாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பது வட்டத்தைத்தான்.

எதிர்த்திசையில் ஆரத்தை 54க்கு ஏற்றினால் சுற்றளவு 339.29, அப்போது கடைசி நாளிலும் ஆறில் ஒரு பங்கு காலியாகவே நிற்கும். அதோடு பூஜ்ய நாளில் வளையத்தின் கடைசிப் பகுதியில், பன்னிரண்டு மணிக்கு இடப்பக்கம், ஒரு துண்டு நிறம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கயிற்றின் வெற்றுப் பாதி 283தான், வட்டம் அதைவிடப் பெரியது, மிச்ச இடத்தில் அடுத்த சாயப் பாதி தலைகாட்டுகிறது. "காலி வட்டத்தில் ஒரு துண்டு ஏன் தெரிகிறது" என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது ஆரம் என்ன, டேஷ்அரே என்ன என்பதைத்தான்.

நிரந்தரத் தீர்வு ஒன்று இருக்கிறது. சர்க்கிளுக்கு பாத்லெங்த் என்ற பண்புக்கூற்றை 100 என்று கொடுத்துவிடுங்கள். உண்மையான சுற்றளவு எதுவாக இருந்தாலும் "இந்தக் கோட்டின் நீளம் 100 என்று வைத்துக் கணக்குப் போடு" என்று பிரவுசருக்குச் சொல்வது அது. டேஷ்அரே 100, ஆஃப்செட் 100இலிருந்து சதவீதத்தைக் கழித்தது, அவ்வளவுதான், ஆரத்தை எப்படி மாற்றினாலும் உடையாது. பை (3.1416) கணக்கே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: இது சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பண்பு அல்ல, குறிச்சொல்லிலேயே எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் செட்அட்ரிபியூட் வழியாகக் கொடுக்கும்போது "லெங்த்"தின் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

சதவீதம் என்னவாக இருந்தாலும் வளையம் முழுதாகவே நிற்கிறது

சிஎஸ்எஸ் மாறியை கால்க் (சிஎஸ்எஸ்ஸில் கணக்குப் போடும் ஃபங்ஷன்) உள்ளே வைத்துக் கணக்குப் போடுகிறீர்களா? அப்படியென்றால் அலகைப் பாருங்கள். 100 பிக்சலிலிருந்து வெறும் 33ஐக் கழிக்கச் சொன்னால் கணக்கு செல்லாது. சாதாரணமாகச் செல்லாத வரியை டெவ்டூல்ஸ் கோடு போட்டு அடித்துக் காட்டும், ஆனால் உள்ளே மாறி இருந்தால் பிரவுசர் அதைப் படிக்கும்போது ஒப்புக்கொண்டுவிட்டு, மதிப்பைக் கணக்கிடும் கட்டத்தில்தான் கைவிடுகிறது. அதனால் வரி அடிபடாமல் நல்லபிள்ளையாகவே தெரியும். கைவிட்ட பிறகு ஆஃப்செட் பூஜ்யத்துக்குப் போகும், பூஜ்யம் என்றால் முழு வளையம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அலகில் வையுங்கள். நான் மாறியை 1 பிக்சலால் பெருக்கி, அதை 100 பிக்சலிலிருந்து கழிக்கிறேன்.

ஆஃப்செட்டில் நேரடியாக 33% என்று சதவீதக் குறி போடுவதும் வேண்டாம். அந்தச் சதவீதம் கோட்டின் நீளத்துக்கு அல்ல, எஸ்விஜி காட்சிப் பரப்பின் அளவுக்குக் கணக்காகிறது.

வளையம் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது, திருப்பினால் காணாமல் போகிறது

எஸ்விஜி வட்டம் மூன்று மணி இடத்திலிருந்துதான் தொடங்கும். பன்னிரண்டுக்குக் கொண்டுவர −90 பாகை திருப்ப வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் ரொட்டேட் மட்டும் போட்டால், எஸ்விஜி உறுப்புக்குச் சுழல்மையம் பெட்டியின் மேல் இடது மூலை என்பதால், நடுவில் இருந்த வட்டம் அப்படியே பெட்டிக்கு மேலே பறந்துவிடும். டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினை 50% 50% என்று கொடுங்கள்.

எஸ்விஜி முழுவதையும் திருப்பினாலும் வளையம் சரியாகும், ஆனால் உள்ளே எழுத்து வைத்திருந்தால் அதுவும் படுத்துக்கொள்ளும். வட்டத்தை மட்டும் திருப்புவதுதான் நல்லது. வளையத்துக்குக் கிரேடியன்ட் போட்டிருந்தால் அதுவும் கூடவே திரும்பும், மேலிருந்து கீழ் வர வேண்டிய நிறம் பக்கவாட்டில் ஓடுகிறதே என்று குழம்ப வேண்டாம்.

கிரேடியன்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே பக்கத்தில் நாலு வளையம் வைத்து நாலுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தும் எல்லாம் முதல் வளையத்தின் நிறத்திலேயே வந்தால், நாலு கிரேடியன்டுக்கும் ஒரே ஐடி கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஐடி ஒன்றுதான் இருக்க வேண்டும், முதலில் கிடைத்ததையே பிரவுசர் எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறது.

அளவு சரி, ஆனால் அசையவில்லை, நேராகக் கடைசி நிலையில் வந்து நிற்கிறது

இதற்குக் காரணம் பல, வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஒரே மூச்சில் எழுதியிருப்பது. ஜாவாஸ்கிரிப்டில் ஆஃப்செட்டை 100 என்று வைத்து அடுத்த வரியிலேயே 67 என்று வைத்தால், பிரவுசர் திரையை வரைய வரும்போது 67ஐ மட்டும்தான் பார்க்கிறது, 100 என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. எங்கிருந்து எங்கே போவது என்று தெரியாதபோது டிரான்சிஷன், அதாவது ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாகப் போவது, எப்படி ஓடும்? பலரும் செட்டைம்அவுட் போட்டுத் தள்ளிவைக்கிறார்கள், அது எல்லா நேரமும் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு வரிக்கும் நடுவில் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்டை ஒருமுறை கூப்பிட்டால், பதில் சொல்வதற்காகவே பிரவுசர் அதுவரையிலான நிலையைக் கணக்கிட்டுவிடும், அதன்பின் மாற்றம் மாற்றமாகவே தெரியும். எனக்குப் பிடித்த வழி அதைவிட எளிது: டிரான்சிஷனை விட்டுவிட்டு கீஃப்ரேம் (அனிமேஷனின் கட்டங்களைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதி) எழுதி, அதில் "ஃப்ரம்" மட்டும் கொடுத்து ஆஃப்செட் 100 என்று வைப்பது. "டூ" எழுதாவிட்டால் உறுப்பில் இருக்கும் மதிப்பே முடிவாகும், ஆகவே ஒரே கீஃப்ரேம் எத்தனை வளையத்துக்கும் போதும். முக்கியமாக, ஏதோ காரணத்தால் அனிமேஷன் ஓடாவிட்டாலும் வளையம் சரியான இடத்தில் நிற்கும்.

இரண்டாவது, அனிமேஷன் ஓடியிருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. வளையம் பக்கத்தின் கீழே இருக்கும், ஆள் ஸ்க்ரோல் செய்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்டர்செக்ஷன்அப்சர்வர் வைத்து, வளையம் கண்ணுக்குத் தெரியும்போது தொடங்குங்கள், ஒருமுறை ஓடியதும் கவனிப்பதை நிறுத்திவிடுங்கள். த்ரெஷோல்டை (உறுப்பில் எத்தனை பங்கு தெரிந்ததும் தொடங்க வேண்டும் என்ற அளவு) 1 என்று வைக்காதீர்கள், சின்ன ஃபோனில் உறுப்பு திரையைவிட உயரமாக இருந்தால் அது ஒருநாளும் முழுதாகத் தெரியாது, அனிமேஷனும் தொடங்காது. 0.5க்குக் கீழே வைப்பது என் பழக்கம்.

மூன்றாவது, எஸ்விஜி இல்லாமல் கோனிக்-கிரேடியன்டில் (மையத்தைச் சுற்றி நிறம் மாறும் சிஎஸ்எஸ் பின்னணி) வளையம் செய்து, அதன் கோணத்தை சிஎஸ்எஸ் மாறியில் வைத்திருக்கிறீர்கள். சாதாரண மாறி என்பது பிரவுசருக்கு வெறும் எழுத்துக்கோவை, இரண்டு எழுத்துக்கோவைக்கு நடுவே படிப்படியாகப் போக அதற்கு வழி தெரியாது, அதனால் தாவும். அட்-ப்ராப்பர்ட்டி விதி எழுதி "இது சதவீதம்" என்றோ "இது கோணம்" என்றோ பதிவுசெய்தால் ஓடும். குரோம் 85இலும் (2020), சஃபாரி 16.4இலும் (2023), ஃபயர்ஃபாக்ஸ் 128இலும் (2024) தான் இது வந்தது. காசிமேட்டில் என் பக்கத்தைப் பார்ப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய ஃபோன், அதனால் நான் எஸ்விஜியை விடவில்லை.

நான்காவது, அந்தக் கருவியிலேயே அனிமேஷன் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் வளையம் அசையவில்லை, என் ஃபோனில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் "அனிமேஷன் எஃபெக்ட்ஸ்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அணைத்து வைத்திருந்தார்கள். நான் எழுதிய பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்ட்-மோஷன் விதி அதை மதித்து அனிமேஷனை நிறுத்தியிருந்தது. இது பிழை அல்ல. அசைவைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் அந்த ஸ்விட்ச். அந்த விதியை எடுத்துவிடாதீர்கள், உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் இன்றே சேருங்கள்.

பூஜ்யத்திலும் ஒரு புள்ளி தெரிகிறது

ஸ்ட்ரோக்-லைன்கேப் "ரவுண்ட்" என்று வைத்திருப்பீர்கள். நீளம் பூஜ்யமான கோட்டுக்கும் அந்த உருண்டை முனை வரையப்படும். பூஜ்யம் என்றால் மட்டும் வளையத்தின் ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

நடுவில் ஓடும் எண்ணும் வளையமும் சேர்ந்து போகவில்லை

டிரான்சிஷன் இயல்பாக "ஈஸ்" வேகத்தில் போகும், அதாவது தொடக்கத்தில் விறுவிறு, கடைசியில் மெதுவாக. உங்கள் எண் ஒரே சீராக ஏறும். இரண்டையும் லீனியர் ஆக்கினாலே சேர்ந்துவிடும்.

என் ஃபோனில் இரண்டு செகண்ட் ஓடிய எண், தம்பியின் புது ஃபோனில் ஒரே செகண்டில் முடிந்தது. அவனுடைய திரை செகண்டுக்கு 120 தடவை புதுப்பிப்பது, என்னுடையது 60. ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒருமுறை கூப்பிடும், நான் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்படிக் கூட்டவே கூடாது. அந்த ஃபங்ஷனுக்கு வந்துசேரும் நேரக்குறியை எடுத்து, தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது, மொத்த நேரத்தில் அது எத்தனை பங்கு என்று பார்த்து எண்ணைக் கணக்கிடுங்கள். எந்தத் திரையிலும் இரண்டு செகண்ட் இரண்டு செகண்டாகவே இருக்கும்.

எண் ஓடும்போது எழுத்து இடமும் வலமும் ஆடினால் ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்கை டேபுலர்-நம்ஸ் என்று வைத்துப் பாருங்கள், ஃபான்டில் அந்த வசதி இருந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

விடியற்காலையில் மட்டும் ஒருநாள் குறைவாகக் காட்டுகிறது

பக்கத்துத் தெரு மாமா ஒருவர் சொன்னதில்தான் இது வெளியே வந்தது. "இன்னாமா, நேத்து போட்ட நம்பரே இன்னும் நிக்குது" என்றார். நான் எட்டு மணிக்குப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் பார்த்தது நாலு மணிக்கு. வாழ்நாள் முழுக்க அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு, தடைக்காலத்திலும் அப்படியே எழும்.

ஜாவாஸ்கிரிப்டில் தேதியை மட்டும் ஆண்டு, மாதம், நாள் என்று இடையில் சிறுகோடு போட்டு எழுதிக் கொடுத்தால், அதை உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு அது காலை ஐந்தரை. ஆகவே ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் மாற வேண்டிய எண் ஐந்தரைக்குத்தான் மாறியது. தேதியோடு நேரத்தையும் எழுதி, கடைசியில் +05:30 என்று சேர்த்தேன், சரியானது. ஃபோனின் நேர மண்டலம் வேறாக இருந்தாலும் இனி தப்பாது.

அங்கேயே இன்னொன்று: கழித்து வரும் மில்லிசெகண்டை 8,64,00,000ஆல் வகுத்துக் கீழ்முழுவாக்கிய பிறகு ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள், ஏப்ரல் 15 முதல் நாள், பூஜ்யமாவது நாள் அல்ல. வருகிற எண்ணை 0க்கும் 61க்கும் நடுவில் கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் ஜூன் 15 வந்ததும் ஆஃப்செட் கழித்தல் எண்ணாகி, நிறைந்த வளையம் பன்னிரண்டு மணி இடத்திலிருந்து நாளுக்கு நாள் தேயத் தொடங்கும், படகெல்லாம் கடலில் இருக்கும்போது பக்கம் மட்டும் தடை இன்னும் முடியாதது போலக் காட்டிக்கொண்டிருக்கும்.

காத்திருக்கச் சொல்லும் சுழல் வளையம் தள்ளாடுகிறது, அல்லது நடுவில் உறைந்துவிடுகிறது

தள்ளாடினால் சுழல்மையம் நடுவில் இல்லை, மேலே சொன்னதே. பார்டர்-ரேடியஸ் வைத்துச் செய்த வளையம் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் முட்டை வடிவமாக நசுங்கினால், ஃப்ளெக்ஸை "நன்" என்றும் ஆஸ்பெக்ட்-ரேஷியோவை 1 என்றும் வையுங்கள்.

உறைவதற்குக் காரணம், ஆஃப்செட்டை அசைக்கும் அனிமேஷன் ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி வரையப்பட வேண்டும், அந்த வேலையும் உங்கள் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே திரியில் (த்ரெட், ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் வரிசை) நடக்கின்றன. பெரிய பட்டியல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தால் வளையம் நிற்கும். சுழல் வளையத்துக்கு மட்டும் ஆஃப்செட்டை விட்டு, எஸ்விஜியையே டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு சுழற்றுங்கள். அது பெரும்பாலும் தனித் திரியில் ஓடும், பக்கம் திணறினாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கண் தெரியாதவர் ஃபோன் வளையத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை

திரைவாசிப்பானுக்கு அது வெறும் கோடு. வெளிப்பெட்டிக்கு ரோல் "ப்ராக்ரஸ்பார்" என்றும், ஏரியா-வேல்யூமின் 0, ஏரியா-வேல்யூமேக்ஸ் 61, ஏரியா-வேல்யூநவ் அன்றைய நாள் என்றும் கொடுங்கள். இவை மட்டும் இருந்தால் சில வாசிப்பான்கள் அதைச் சதவீதமாக மாற்றி "33 சதவீதம்" என்று படித்துவிடும், தடைக்காலத்தைச் சதவீதத்தில் யார் எண்ணுகிறார்கள்? ஏரியா-வேல்யூடெக்ஸ்ட்டில் "61 நாளில் 20ஆவது நாள்" என்று எழுதிவிட்டால் அப்படியே வாசிக்கும். அந்த வரியையே வளையத்துக்குக் கீழே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரியும் போட்டிருக்கிறேன், எஸ்விஜி சரியாக வராத ஃபோனிலும் அந்த ஒரு வரி வந்துவிடும்.